மரத்தின் மேல் பழி

டாக்டர் முதலில் கேட்டது இருமலைப் பற்றி அல்ல.

"வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?"

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த கடைசல்காரர், கேள்வி தன்னைப் பற்றியது என்பது புரியாமல் மனைவியைப் பார்த்தார். அவள் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மரக் கடைசல்" என்றாள். "லேத்துல மரத்தைச் சுத்த விட்டு உளியால கடைவாரு. சதுரங்கக் காய், திருகு மூடி போட்ட சின்னச் சின்ன டப்பா. அந்த மாதிரி."

"பட்டறை எங்க?"

"வீட்டுக்குப் பின்னாலயேதான். சமையலறைக் கதவைத் திறந்தா பட்டறை."

"என்ன மரம்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் கடைசல்காரர் முந்திக்கொண்டார். "பாக்ஸ்வுட் சார். மஞ்சளா, சந்தனக் கட்டை மாதிரி இருக்கும். நூறு வருஷம் நின்னாலும் கணுக்கால் பருமன்தான் வரும். அவ்வளவு நிதானமா வளர்றதாலதான் அவ்வளவு இறுக்கம். கையில எடுத்தா மரமா கல்லான்னு சந்தேகம் வந்துடும். ஒரு முடி அளவுக்குக் கோடு இழுத்தாலும் உதிராம நிக்கும். அதுக்கு நிகரா இன்னொரு மரம் கிடையாது சார்."

"தூள் எப்படி இருக்கும்?"

"மாவு சார்! சலிச்ச மாவு. ஊதினா காத்துல மிதக்கும்."

பெருமையாகச் சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயாலேயே என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

"சில மரத்தூள் சிலருக்கு ஒத்துக்காது. இது அந்த ரகம்னு படிச்சிருக்கேன். கொஞ்ச நாளைக்குத் தள்ளி வெச்சுப் பாருங்க."

"எதை சார்?"

"மரத்தைத்தான்" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் அவருக்குத் தாங்க முடியவில்லை.

"இருபத்தாறு வருஷம் ஒத்துக்கிட்டது திடீர்னு ஒத்துக்காமப் போயிடுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லையே."

"உங்களுக்கு எப்படி வரும்? உங்களுக்கு அது சொந்தக்காரன் மாதிரி."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டார்.

கடைசல்காரரைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் எதுவும் இருந்ததில்லை. குடி இல்லை, சீட்டு இல்லை, குரல் உயர்த்திப் பேசியதில்லை. மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பது ஒன்றுதான். வியாபாரி கொண்டுவந்து போடும் கட்டைகளை முனைகளில் மெழுகு தோய்த்து மேஜைக்கு அடியில் அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதி, ஐந்தாறு வருஷம் காய விடுவார். அவசரப்பட்டால் வெடித்துவிடும். மகள் பள்ளியில் சேர்ந்த வருஷம் வைத்த கட்டையை அவள் பள்ளி முடிக்கும் வருஷம் எடுத்துக் கடைந்ததைப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார். அந்த மகள் இப்போது கல்யாணமாகி வேறு நாட்டில் இருக்கிறாள்.

சதுரங்கம் விற்கும் கம்பெனி ஒன்று வெள்ளைக் காய்களை மட்டும் அவரிடம் வாங்கிக்கொண்டது. கறுப்புக் காய்களை வேறு ஊரில் வேறு ஒருவர், வேறு மரத்தில் கடைந்துகொண்டிருந்தார். அவரை இவர் பார்த்ததே இல்லை.

மனைவி ஒரு அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்துபவள். வீட்டிலேயே உட்கார்ந்து, அச்சுக்குப் போகும் தாள்களைப் படித்துப் பிழை களைவாள். அச்சகத்தில் அவளுக்குக் 'கால்புள்ளி அம்மா' என்று பெயர். விட்டுப்போன ஒரு கால்புள்ளிக்காக ஒரு புத்தகத்தையே நிறுத்தி வைத்தவள். இருபத்தாறு வருஷமாக அவள் திருத்திய தாள்களின் மேல் மஞ்சள் தூள் படியும். அவள் கையால் தட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டுவாள்.

டாக்டர் சொன்ன மறுநாளே கடைசல்காரர் சமையலறைக் கதவின் இடுக்குகளையெல்லாம் டேப் ஒட்டி அடைத்தார். பட்டறைக்குப் போக வேண்டுமானால் வாசல் வழியாக இறங்கி, தெருவைச் சுற்றி, பின்பக்கச் சந்தில் நுழைய வேண்டும். நாலு அடி தூரம் நாலு நிமிஷ நடையானது. வேலை முடிந்ததும் சந்திலேயே சட்டையைக் கழற்றி உதறுவார். குழாயடியில் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பார். அப்படியும் இருமல் நிற்கவில்லை. தலைமுடியில் தூள் தங்குகிறது என்று ஒருநாள் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

அவள் வாசலிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "புருவத்தை என்ன பண்ணப் போறீங்க?"

வேறு மரங்களையும் முயன்று பார்த்தார். ஆனால் திருகு மூடிக்கு உள்ளே மரை வெட்ட வேண்டும். சீப்பு போல் பல் வைத்த உளியை, சுற்றுகிற மரத்தில் கை வாக்கில் நகர்த்தி வெட்டுகிற மரை அது. பாக்ஸ்வுட்டில் அது இரும்பில் வெட்டினாற்போல் நிற்கும். மற்ற மரத்தில் பிஸ்கட் போல் பொடிந்தது. கம்பெனிக்கு வேறு மரத்தில் கடைந்து அனுப்பிய குதிரைகள் மூன்றாம் நாளே திரும்பி வந்தன. 'காது நிற்கவில்லை' என்று ஒரு சீட்டு வைத்திருந்தார்கள்.

ஆகவே பட்டறையை மாற்றினார். மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் நாலு நிறுத்தம் தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு அடுத்தாற்போல் கடைக்கார அம்மாவுக்குச் சொந்தமான கீழ் அறையும் அதற்கு மேலே ஓர் அறையும் வாடகைக்குக் கிடைத்தன. லேத்தை நாலு பேர் தூக்கி வந்தார்கள். கட்டைகளை அவரே சாக்கில் கட்டி நாலு நடையாகக் கொண்டுவந்தார்.

மேல் அறைக்குக் குடிபோகலாம் என்றும் அவர்தான் சொன்னார். அவள் ஒருநாளும் போங்கள் என்று சொல்லவில்லை. ஒரு காலை, தலையணை உறையை உதறும்போது அவளுக்கு மூச்சு இழுத்தது. அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு மாசம் அங்கயே படுத்துக்கறேன். என்ன ஆகுதுன்னு பார்ப்போம்."

"சாப்பாட்டுக்கு?"

"பார்த்துக்கறேன். நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அவள் ஒரு பையில் இரண்டு தட்டு, ஒரு பாத்திரம், போர்வை, அவருடைய முழங்கால் தைலம் எல்லாம் வைத்துக் கொடுத்தாள். எல்லாவற்றையும் இரண்டு முறை துவைத்தும் கழுவியும் வைத்திருந்தாள்.

மேல் அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு மின்னடுப்பு. கட்டிலைத் தூக்கி வந்த ஆட்கள் கதவுக்கு நேராகப் போட்டுவிட்டுப் போனார்கள். அது அங்கேயே கிடந்தது. சமைக்கத் தெரியும் என்று அவர் நினைத்திருந்தது வேறு, தெரிந்தது வேறு. முதல் மாதம் ரொட்டியும் முட்டையுமாகப் போனது. அடுத்த மாதம் முட்டையும் ரொட்டியுமாகப் போனது. வீட்டில் இருந்தவரை அவள் கேட்கிறாளா இல்லையா என்று பார்க்காமல் பேசிக்கொண்டே இருந்தவருக்கு, இங்கே ஒரு கட்டையை அறுத்து உள்ளே அழகான இழை தெரிந்தால் காட்ட ஆள் இல்லை. ஒருமுறை அப்படி அறுத்த துண்டை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டார்.

கடைக்கார அம்மா அதை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். "எத்தனை காப்பி?"

பிறகு அவளே சிரித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. சோப்பு மாதிரி வழவழன்னு" என்று திருப்பிக் கொடுத்தாள். அவளும் தனி ஆள்தான். ஆனால் அவளுக்கு வாசலில் எப்போதும் நாலு பேர் நின்றார்கள்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மனைவிக்குப் போன் செய்வார். அன்றைக்கு அகப்பட்ட பிழைகளை அவள் சொல்வாள்.

"இன்னைக்கு ஒரு கதையில 'அவன் அவளை மறந்தான்'னு இருக்க வேண்டிய இடத்துல 'மணந்தான்'னு வந்திருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்னு விட்டிருப்பாங்க."

"அச்சகத்துலயும் இதையேதான் சொல்லிச் சிரிச்சாங்க."

"இருமல்?"

"குறைஞ்சிருக்கு."

இந்த 'குறைஞ்சிருக்கு' ஒவ்வொரு வாரமும் வந்தது. மழை விட்டு வெயில் காலம் ஏறியது. இருமல் இறங்கிக்கொண்டே போனது. போனை வைத்துவிட்டு அவர் சந்தோஷப்பட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அவள் குணமாகக் குணமாக, அவர் திரும்பிப் போவதற்கான வழி அடைந்துகொண்டே வந்தது. மாதம் மூன்றானது, ஆறானது.

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். பட்டறைக்குள் ஒருமுறைகூட நுழையாத சட்டை அது. தனியாக ஒரு பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். உள்ளே வாருங்கள் என்று அவள் கூப்பிட்டாலும், "எதுக்கு வம்பு" என்பார். வர வர அவள் கூப்பிடுவது குறைந்தது. அவர் அதைக் கவனித்தார். நாமே வேண்டாம் என்று சொன்னால் யார்தான் எத்தனை தடவை கூப்பிடுவார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மறுபடி மழைக்காலம் வந்தது. மழையோடு இருமலும் வந்தது.

இந்த முறை அவர் பத்து மாதமாக அந்த வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. டாக்டருக்கே குழப்பமாகிவிட்டது. மரத்தூள் கொஞ்சம் கொண்டு வாருங்கள், தோலில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்றார். கடைசல்காரர், தாம் கடைந்த திருகு டப்பா ஒன்றில் தூளை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பரிசோதனைக்கூடத்துப் பெண் டப்பாவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள்.

"இதை எங்க சார் வாங்கினீங்க?"

"டெஸ்ட்டுக்குத் தூள் போதும்மா. டப்பாவை நீயே வெச்சுக்க."

மனைவியின் கையில் தூள் வைத்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அவளுடைய தம்பி வந்தான். கட்டட வேலைக்காரன்; எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் சுவரைத் தட்டிப் பார்ப்பான். படுக்கையறையில் தட்டினான். தட்டிய கையை முகர்ந்தான். பிறகு யாரையும் கேட்காமல் துணி அலமாரியை நகர்த்தினான். அலமாரிக்குப் பின்னால் சுவர் தரையிலிருந்து இடுப்புயரம் வரை கறுத்துப் போயிருந்தது. மாடியிலிருந்து மழைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவருக்குள்ளேயே ஒழுகி, கரும்பூஞ்சை பிடித்து, வருஷக்கணக்காக அவளுடைய தலைமாட்டில் வளர்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, இதைத்தான் நீ ராத்திரியெல்லாம் மூச்சா இழுத்திருக்க" என்றான் தம்பி. "பாவம், மாமாவைப் போய் வீட்டை விட்டு விரட்டிட்டீங்களே!"

அவள் அன்றைக்கு ஏழு மணி வரை காத்திருக்கவில்லை. மத்தியானமே போன் செய்தாள்.

"என்னங்க, மரம் இல்லையாம்."

"என்ன மரம் இல்ல?"

"இருமலுக்குக் காரணம் மரம் இல்லையாம். சுவருல பூஞ்சையாம்."

கடைசல்காரர் லேத்தை நிறுத்தினார். சுற்றிக்கொண்டிருந்த கட்டை மெதுவாகி நின்றது. "நான் அப்பவே சொன்னேன்" என்றார். "பஸ்லயே சொன்னேன்."

"சொன்னீங்க."

சுவரை உடைத்து, குழாயை மாற்றி, பூசி, காய வைக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. இருமல் போயே போய்விட்டது. கடைசல்காரர் தட்டு, பாத்திரம், போர்வை எல்லாவற்றையும் அதே பையில் அடுக்கினார். லேத் இங்கேயே இருக்கட்டும், எதற்கும் தூரத்தில் இருப்பது நல்லதுதான், தினமும் வந்து போகலாம் என்று முடிவு செய்தார். ஜெராக்ஸ் கடை அம்மாவிடம் மேல் அறைச் சாவியைக் கொடுக்கப் போனபோது அவள், "அடுத்த ஆள் வர்ற வரைக்கும் நீங்களே வெச்சிருங்க. கட்டை கிட்டை போட்டு வைக்க ஆகும்" என்றாள்.

வீட்டு வாசலில் இறங்கியபோது உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. ரேடியோ என்று நினைத்தார். கேட்டைத் திறக்கும்போதுதான் அது அவளுடைய குரல் என்று தெரிந்தது. அவள் பாடி அவர் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் கேட்டிருந்தாரோ என்னவோ, நினைவில்லை. கேட் கிரீச்சிட்டது. பாட்டு நின்றது.

"வாங்க" என்றாள். பையை வாங்கிக்கொண்டாள்.

வீடு மாறியிருந்தது. பின்பக்கத்துப் பழைய பட்டறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலைப் பெரிதாக்கி, நடுவில் மேஜை போட்டிருந்தாள். மெய்ப்புத் தாள்கள் அங்கே வரிசையாக இருந்தன. படுக்கையில் அவர் படுக்கும் பக்கத்தில் அகராதிகள் நாலைந்து கிடந்தன. அவர் பார்ப்பதைப் பார்த்ததும் அவள் விறுவிறுவென்று அள்ளிக்கொண்டாள்.

"இருக்கட்டுமே."

"இல்ல இல்ல, நீங்க படுக்கணுமே."

எட்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. அவள் அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தாள். அவர் வேலைக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்பினார். வந்ததும் அன்றைக்குக் கடைந்ததைப் பற்றிப் பேசினார். ஒரு வருஷப் பேச்சு பாக்கி இருந்தது. அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் சில விஷயங்கள் அவர் கண்ணில் பட்டன. அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் பின்னறை விளக்கை அணைத்துவிட்டு எழுந்து வந்தாள். பாதி படித்த தாளின் மேல் பேனா மூடாமல் கிடந்தது. காலையில் அவர் எழுந்துவிடக் கூடாது என்று அவள் நுனிக்காலில் நடந்தாள். பாட்டு மட்டும் திரும்ப வரவே இல்லை. இரண்டொரு முறை கேட்டுக்கு வெளியே நின்று காது கொடுத்தார். தன் வீட்டு வாசலில் திருடன் போல் நிற்கிறோமே என்று வெட்கமாயிருந்தது.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, பேச்சுவாக்கில் கேட்பது போல் கேட்டார்.

"நான் அங்க இருந்தப்ப நீ நல்லா இருந்தியா?"

"என்ன கேள்வி இது?"

"சும்மாத்தான் கேக்கறேன்."

அவள் ஒரு சட்டையை மடித்தாள். சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தாள். "நல்லா இருந்தேன்னு சொன்னா தப்பா எடுத்துக்குவீங்க."

"எடுத்துக்க மாட்டேன்."

"எடுத்துக்குவீங்க. ஆனா கேட்டுட்டீங்க." அவள் துணியைக் கீழே வைத்தாள். "எனக்கு உங்க மேல கோபம் ஒண்ணும் இல்லங்க. யார் கேட்டாலும் தங்கமான மனுஷன்னுதான் சொல்வேன். ஆனா நீங்க உள்ள வந்ததும் வீடு உங்க வீடாயிடுது. நீங்க ஒண்ணும் செய்யறதில்ல. அதுவா ஆயிடுது. உங்க பசிக்குத்தான் நான் அடுப்பு பத்த வைக்கறேன். உங்க மரத்தைத்தான் நான் கேக்கறேன். நீங்க போனப்புறம் ஒருநாள் மத்தியானம் மூணு மணிக்குச் சாப்பிட்டேன். வேலை சுவாரஸ்யமா இருந்துது, பசி தெரியல, மூணு மணிக்குச் சாப்பிட்டேன். அவ்வளவுதான். அதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தோணும்."

அவருக்கு அப்படித்தான் தோன்றியது.

"இருமின வரைக்கும் எனக்குக் கவலையே இல்ல. மரம் உங்களை அங்க வெச்சிருந்துது. இப்ப மரம் இல்லன்னு ஆயிடுச்சு. உங்களை அங்க இருங்கன்னு சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்ல. அதனாலதான் எதுவும் சொல்லாம இருந்தேன்."

"நான் கேக்கலன்னா சொல்லியிருக்கவே மாட்டியா?"

"மாட்டேன்."

கடைசல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. அவருக்கு வந்தது வேறொரு நினைப்பு. ஒரு வருஷம் அந்த அறையில் முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டு, இது அவளுக்காக, இது அவளுக்காக என்று நாளை ஓட்டினோமே, அது உண்மையிலேயே அவளுக்காகத்தான் ஆகியிருக்கிறது. நாம் நினைத்த விதத்தில்தான் ஆகவில்லை.

"அழாதே" என்றார்.

"நான் எங்க அழறேன்?" என்றாள் அவள். அழுதுகொண்டிருந்தது அவர்தான்.

அன்றே போகவில்லை. அன்றே போனால் சண்டை போட்டுக்கொண்டு போனது போல் ஆகும் என்று இரண்டு நாள் இருந்தார். புதன்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டார். அவள் வாசல் வரை வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல?"

"வராம? உள்ள வந்தே சாப்பிடறேன் இனிமே."

அவள் தலையை ஆட்டினாள். அவர் தெரு முனை திரும்பும் வரை நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை; ஆனால் கேட் சாத்தும் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டே நடந்தார். அது வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

மகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. மச்சினனிடம், அக்கம்பக்கத்தில், எல்லோரிடமும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. மகள் போனில் கேட்டாள்.

"என்னப்பா, மறுபடி அங்கயே போயிட்டீங்களாமே? அம்மாவுக்குத்தான் சரியாயிடுச்சே!"

"முழுசா சரியாகலம்மா. இந்தத் தூள் பொல்லாதது. சட்டையில, தலையில, எங்க போனாலும் கூடவே வரும்."

"டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு மாமா சொன்னாரே?"

"டெஸ்ட்டுக்கு என்ன தெரியும்? முப்பது வருஷமா இதோட பழகறவன் நான் சொல்றேன். எல்லாருக்கும் ஒத்துக்கற மரமில்ல இது."

சொல்லும்போது கை தன்னையறியாமல் பக்கத்தில் இருந்த கட்டையைத் தடவியது. வாழ்நாளில் அந்த மரத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது.

மறுநாள் ஏழு மணிக்கு மனைவி போனை எடுத்ததும், "பொண்ணு பேசினா" என்றாள். "தூள்தான்னு சொல்லியிருக்கீங்க."

"ம்."

"நீங்க அப்படிச் சொல்லணும்னு இல்ல. உண்மையைச் சொல்லியிருந்தாலும் நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன்."

"உண்மையைச் சொல்ல ஆரம்பிச்சா நீளமாப் போகும். போன்ல எதுக்கு?"

"இன்னைக்கு ஒரு பிழை கிடைச்சுது, கேக்கறீங்களா?" என்றாள். அவர் கேட்டார். அன்றைக்கு மரத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல், அவள் சொன்னதை மட்டும் கடைசி வரை கேட்டார்.

ஜெராக்ஸ் கடை அம்மா ஒன்றும் விசாரிக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் படியேறி வந்து, "இருப்பீங்களா, இல்ல வேற ஆளுக்குச் சொல்லிடவா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருப்பேன்."

"எத்தனை நாளைக்கு?"

"இருப்பேம்மா. அவ்வளவுதான்."

அவள் போன பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். கதவுக்கு நேராகக் கிடந்த கட்டிலை இழுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டார். சுவரில் ஆணியடித்துச் சட்டையை மாட்டினார். மின்னடுப்புக்கு உயரம் போதாமல் இத்தனை நாள் குனிந்து குனிந்து சமைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு பலகையைச் செதுக்கிக் கால் வைத்து மேஜை செய்தார். செய்து முடித்ததும் இது ஒரு வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை என்று தோன்றியது. கட்டிலில் படுத்துக்கொண்டார். ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, அவள் அந்த அறைக்கு முதல் தடவையாக வந்தாள். ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்து எடுத்து வந்திருந்தாள். அவர் போனில் சொன்ன கணக்கை வைத்துத் தைத்தது. மாட்டிப் பார்த்தால் கீழே ஒரு சாண் குறைந்தது.

"குறையுதே. பிரிச்சு ஒட்டுத் தைச்சுத் தரேன்."

"வேணாம், இருக்கட்டும். வெளிச்சம் வரும்."

டீ போட்டுக் கொடுத்தார். அவள் கட்டிலின் விளிம்பில், விருந்தாளி போல் இல்லாமலும் வீட்டுக்காரி போல் இல்லாமலும் உட்கார்ந்து குடித்தாள். டீ நன்றாக இருக்கிறது என்றாள். உண்மையிலேயே நன்றாக இருந்தது, அவர் பழகிவிட்டிருந்தார். கீழே பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று, ஒரு சிப்பாய்க் காயை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

ஐந்து மணி பஸ்ஸுக்கு நிறுத்தம் வரை கூட நடந்தார். பஸ் கூட்டமில்லாமல் வந்தது. அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கையசைத்தாள், அவரும் அசைத்தார். பஸ் மார்க்கெட்டைத் தாண்டித் திரும்பும் வரை நின்றுவிட்டு, நேரே பட்டறைக்கு வந்து விளக்கைப் போட்டார். எட்டுச் சிப்பாய்களில் இன்னும் மூன்று பாக்கி இருந்தன. ஒரு கட்டையை எடுத்து லேத்தில் மாட்டினார்.